நேற்றையான் படத்தின் மிச்சம்

படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு எங்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். ஆளுக்கு இரண்டு விசுக்கோத்தும். இத்தனை வருடம் கழித்தும் அந்தத் தேத்தண்ணீரை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. எங்கள் மேல் இரக்கப்பட்டுத்தான் நிறுத்தினார்களாம். அடித்தால்கூடத் திருப்பி அடிக்கலாம். இரக்கப்பட்டு வருகிறவர்களை என்ன செய்வது?

சண்டை முடிந்து மூன்று நான்கு வருடம் இருக்கும். நானும் அம்மாவும் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து மன்னார்க் கரையில் உள்ள எங்கள் ஊரான கீரிக்குத் திரும்பி ஒன்றரை வருடம். அந்த நாட்களில் யாராவது வந்து எங்களுக்கு எதையாவது தந்துகொண்டே இருந்தார்கள். தகரம் தந்தார்கள். வாளி தந்தார்கள். நுளம்பு வலை தந்தார்கள். கை கழுவுவது எப்படி என்று வகுப்பு எடுத்தார்கள். பிறந்ததிலிருந்து உப்புத் தண்ணீரில் கை ஊறிய சனத்துக்குக் கை கழுவ வகுப்பு! ஒவ்வொன்றையும் வாங்கும்போது சிரிக்கச் சொல்லிப் படம் பிடித்தார்கள். கொடுப்பதற்கு வேறு ஒன்றும் மிஞ்சவில்லையோ என்னவோ, கடைசியில் ஒருநாள் வெளிநாட்டுப் படமும் தர வந்தார்கள்.

பிரித்தானிய, ஐரிஷ் திரைப்பட விழா. ஐந்து நாள், நாளுக்கொரு படம், பின்னேரம் நாலு மணி, அனுமதி இலவசம். மன்னார்ப் பட்டினத்தில் இருந்த சின்னத் தியேட்டரில் நடந்தது. சண்டைக் காலத்தில் அது இடம்பெயர்ந்த சனம் படுத்து எழும்பிய இடம்; பிறகு நிவாரண அரிசி மூட்டை அடுக்கிய இடம். தியேட்டர்க்காரர் அதை மெல்ல மெல்லத் திருத்தி, பழைய மெசினை மூலையில் தள்ளிவிட்டு, புது புரொஜெக்டர் ஒன்று வாங்கி வைத்திருந்தார். கதிரைகளில் பாதி கால் ஆடும். மேலே முகட்டில் புறாக்கள் குடியிருந்தன. நல்ல காட்சியில் எச்சம் விழும்.

விழாவை நடத்த வந்தவர் கொழும்பிலிருந்து வந்த ஓர் இளம் பெண். நாங்கள் மிஸ் என்றே கூப்பிட்டோம். கொழும்புத் தமிழ் கொஞ்சம் கதைப்பார்; எங்கள் கரைப்பேச்சு பிடிபடாது, சனத்துக்கு முன்னால் ஆங்கிலம்தான். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பருத்திச் சேலை, கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் எந்த நேரமும் ஒரு கவலை. எங்களைப் பற்றிய கவலை. வந்த அன்றுதான் அவருக்கு ஒன்று விளங்கியது: படங்களின் கீழே ஓடும் எழுத்து சிங்களம். தமிழ் இல்லை. மன்னாருக்குப் படம் கொண்டுவரப் புரொஜெக்டருக்கு வயர் எடுத்துவரவேணும் என்று யோசித்தவர்களுக்குத் தமிழ் எடுத்துவரவேணும் என்று தோன்றவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பி ஆங்கில ஆசிரியை யாராவது உண்டோ என்று கேட்டார்கள். தற்காலிக ஆசிரியை நான் ஒருத்திதான் இருந்தேன்.

வேலை இதுதான். திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நிற்கவேண்டும். படம் ஓட ஓட, தட்டெழுதிய வசனத் தாள்களைப் பார்த்து, இன்னார் இன்னதைச் சொல்கிறார் என்று தமிழில் சொல்லவேண்டும். மிஸ் இதைத் தானே கண்டுபிடித்த உபாயம் போலச் சொன்னார். எங்கள் கரையில் அது பழைய வழக்கம். கோயில் திருவிழாவுக்கு வெள்ளைத் துணி கட்டி, அர்ச்சிஷ்டவர்களின், அதாவது புனிதர்களின், வரலாற்றைப் படமாகப் போடுவார்கள். படம் ஆங்கிலத்தில் ஓடும். உபதேசியார் மைக்கைப் பிடித்துக் கதை சொல்லுவார். சனம் சும்மா கேட்டுக்கொண்டிருக்காது. படத்தோடு கதைக்கும். பொல்லாத இராசா வந்தால் திட்டும். வேதசாட்சியைச் சிங்கத்திடம் தள்ளினால் செபம் சொல்லும். வாயை மூடிக்கொண்டு படம் பார்ப்பதை எங்கள் சனம் சீக்காளிக்குப் பக்கத்தில் இருப்பதுபோல நினைக்கும்.

முதல் நாள் இங்கிலாந்துப் படம். ஒரு பெரிய வீடு, விடாத மழை. ஒருவரை ஒருவர் விரும்பிய இரண்டு பேர் அதைச் சொல்லாமல் இரண்டு மணித்தியாலம் தேத்தண்ணீர் குடித்தார்கள். அரைவாசியில் எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி பொறுக்கமாட்டாமல் எழும்பி, “சொல்லித் துலையன் மோனை, தேத்தண்ணி ஆறப்போகுது!” என்று கத்தினாள். தியேட்டரே சிரித்தது. மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த நாள் ஒவ்வொரு கதிரையிலும் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. படம் நடைபெறும்போது அமைதி காக்கவும். எங்கள் பெண்கள் அதில் கடலை சுற்றிக்கொண்டார்கள்.

அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தார். நான் மைக்கில் கதைப்பதைக் கேட்கத்தான் வந்தார். முகாமில் பிறர் தந்த புத்தகத்தில் படித்துப் பட்டம் எடுத்த மகளை இந்த ஊரில் ஒருவரும் கணக்கெடுக்கவில்லை என்பது அவருடைய மனக்குறை. என் வாயில் இடைக்கிடை வந்துவிடும் இந்தியத் தமிழைக் கேட்டு ஆசிரியர் அறையில் சிரிக்கிறார்கள் என்றும் தெரியும். இப்போது அந்த வாயைத்தான் ஊர் முழுக்கக் கேட்கிறது என்று அவருக்குப் பெருமை.

அம்மாவைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவன். முகாம் வாழ்க்கை பிடிக்காமல், சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு காலத்தில் தனியாக ஊர் திரும்பி, கீரியில் தெரிந்த ஒருவரின் வள்ளத்தில் தொழிலுக்குப் போனான். திரும்பச் சண்டை தொடங்கிய பிறகு, ஒருநாள் கடலுக்குப் போன அந்த வள்ளம் வரவில்லை. வள்ளமும் இல்லை, வலையும் இல்லை, அதில் போன மூன்று பேரும் இல்லை. சேதி எங்களுக்கு முகாமில் கிடைத்தபோது மாதம் ஒன்று கடந்திருந்தது.

அம்மா ஊர் திரும்பியதே அதற்காகத்தான். அவன் கீரிக்குத்தான் வருவான், வந்தால் வீட்டில் ஆள் இருக்கவேண்டும் என்பார். இங்கே வந்தபின் இரண்டு பேருக்கு அம்மா பிடிகொடுக்கவில்லை. ஒன்று கச்சேரி, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகம். மரணச் சான்றிதழ் எடுங்கோ, எடுத்தால் உங்களுக்கு நல்லது என்று அங்கிருந்து ஆள் மேல் ஆள் வந்தது. அம்மா கையெழுத்து வைக்கவில்லை. மற்றது கோயில். உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மாதமான கார்த்திகையில், செத்தவர்களின் பெயரை எழுதிக் கொடுக்க ஓர் உறை தருவார்கள். பூசையில் அந்தப் பெயர்களை வாசிப்பார்கள். அம்மா என் அப்பாவின் பெயரை எழுதுவார், தாய் தகப்பன் பெயரை எழுதுவார். அண்ணனின் பெயரை எழுதியதில்லை. செத்தது தெரியாமல் எப்படி எழுதுவது? எழுதினால் தானே கொன்றதுபோல என்று நினைத்தார்.

மூன்றாம் நாள் ஐரிஷ் படம். அன்று மத்தியானம் மிஸ் வசனத் தாள்களை எனக்குத் தரும்போது முகம் சுண்டியிருந்தது. கடைசிப் பக்கங்களை விரலால் தட்டி, “டீச்சர், இதுல ஒரு அம்மாவோட மகன் கடல்ல காணாமப் போறான். இங்க வர்றவங்கள்ல அந்த மாதிரி யாராச்சும் இருக்காங்களா?” என்று கேட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “என்ர அம்மா இருக்கிறா” என்றேன்.

அவருடைய கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு பக்கம் போய் யாரோடோ போனில் நெடுநேரம் ஆங்கிலத்தில் கதைத்தார். எனக்கு என்ன முடிவெடுத்தார்கள் என்று சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் கேட்கவில்லை. தாள்களை வாசித்து முடித்தபோது அம்மா இன்றைக்கு வராவிட்டால் நல்லது என்றுதான் நானும் நினைத்தேன். அவர்களுடைய இரக்கத்தில் என் பங்கும் இருந்தது. இதை மறைத்துவிட்டு அவர்களை மட்டும் திட்டினால் நான் மனிசி இல்லை.

அம்மா வந்தார். வழக்கமான இடத்தில் இருந்தார்.

படம் தொடங்கியது. மரமில்லாத ஒரு தீவு. கல்லடுக்கிய வேலி. தார் பூசிய வள்ளங்கள். தலையில் துணி போர்த்திய பெண்கள் கரையில் நின்றார்கள். பத்து நிமிடத்துக்குள் தியேட்டரில் இருந்த கீரிச் சனத்துக்கு அது சொந்த ஊராகிவிட்டது. “எங்கட சனம்தான், கொஞ்சம் வெளுத்துப்போச்சினம்” என்றாள் ஒருத்தி. வலை சிக்கெடுப்பதைப் பார்த்த ஒரு மனிதர், “உப்பிடி இழுத்தால் அறுமடா” என்று நடிகனைப் பேசினார். அவர்கள் கதைத்தது ஆங்கிலமும் இல்லை, அந்தத் தீவாரின் சொந்த மொழி. அதன் கீழே சிங்களம் ஓடியது. என் கையில் ஆங்கிலம் இருந்தது. வாயில் தமிழ் வந்தது. ஒரு தாயின் கதைக்கு நான்கு மொழி.

கதை இவ்வளவுதான். மகன் தொழிலுக்குப் போகிறான். வள்ளம் வரவில்லை. தாய் ஒவ்வொரு நாளும் கரை நெடுக நடக்கிறாள். ஊரவர்கள் போதும் விடு என்கிறார்கள். பங்குச் சாமியார் வந்து மகனுக்காகப் பூசை வைப்போம் என்கிறார். அவள் மாட்டேன் என்கிறாள். அந்த இடத்தை நான் தமிழில் சொன்னபோது என் குரல் எனக்கே பிடிபடவில்லை. மூன்றாவது வரிசையைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். அம்மா முன்னால் சாய்ந்து, முன் கதிரையின் முதுகை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார். அழவில்லை. படம் சொல்லப்போவதை ஒன்றும் தவறவிடாமல் கேட்க வந்தவர்போல இருந்தார்.

பிறகு ஒரு நாள் அந்தத் தாய் மா குழைத்துக்கொண்டிருக்கிறாள். கதவில் தட்டுகிற சத்தம். கையில் மாவோடு எழும்பிப் போகிறாள். கதவின் கொளுக்கியில் கை வைக்கிறாள்.

லைட் போட்டுவிட்டார்கள். திரை வெளுத்துப்போனது. மிஸ் முன்னால் வந்து, என் பக்கத்தில் நின்று, ஆங்கிலத்தில் மெல்லிய குரலில் பேசினார். பேசிவிட்டு, “சொல்லுங்க டீச்சர்” என்றார்.

நான் சொன்னேன். ஒரு சொல்லையும் விடாமல் சொன்னேன். “நீங்கள் ஏற்கனவே மிகவும் துன்பப்பட்டவர்கள். இந்தப் படத்தின் கடைசிப் பகுதி உங்கள் மனதைப் புண்படுத்தக்கூடும். ஆகவே இன்றைக்கு இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம். வெளியே உங்களுக்குத் தேநீர் தயாராக இருக்கிறது.” என் தாயிடம், மைக்கில், நல்ல தமிழில் இதைச் சொன்னேன். அந்த மைக்கைத் தூக்கி எறிந்திருக்கவேண்டும். எறியவில்லை. கூலிக்கு மொழிபெயர்க்கிறவளுக்கு நாக்கு மட்டும்தான் சொந்தம் என்று நினைத்துவிட்டேன் போலும்.

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. கரண்ட் போய்விட்டதோ என்று மேலே பார்த்தார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல், “அப்ப கதவைத் திறந்தவளோ இல்லையோ?” என்று கேட்டது.

அவர் என்ன கேட்கிறார் என்று மிஸ் என்னிடம் கேட்டார். முடிவைக் கேட்கிறார் என்றேன். படத்தில் இவ்வளவு ஈடுபாடு காட்டுவது தனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லச் சொன்னார். பாருங்கள், கேட்டது கதவைப் பற்றி. கிடைத்த பதில் மகிழ்ச்சி. அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

சனம் வெளியே போய்த் தேத்தண்ணீர் குடித்தது. குடிக்காமல் என்ன செய்வது, கொடுத்தால் வாங்கித்தான் பழக்கம். அதையும் ஒருவர் படம் பிடித்தார். அம்மா வாங்கவில்லை. வாசலில் நின்று, தன் வயதுப் பெண்கள் இரண்டு பேரோடு ஏதோ கதைத்துவிட்டு, எனக்குக் காத்திராமல் நடக்கத் தொடங்கிவிட்டார்.

வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். அம்மா மீனுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

“மிச்சம் என்ன?”

“எனக்குத் தெரியாதம்மா. கடைசித் தாள் தரேல்லை.”

“முதல் ரெண்டு நாளும் முழுக்கத் தந்தவையாம். இண்டைக்கு மட்டும் தரேல்லையாம். உன்ர பையைத் திறக்கட்டோ?”

என் பை சுவரில் தொங்கியது. தாள்கள் அதற்குள்தான் இருந்தன. நான் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மிஸ் கேட்டது, நான் சொன்னது, போனில் கதைத்தது. “உங்களுக்காகத்தான் நிப்பாட்டினவை அம்மா. நீங்கள் தாங்கமாட்டியள் எண்டு.”

அம்மா கையைக் கழுவினார். எனக்கு முன்னால் வந்து நின்றார்.

“நான் என்ன, முட்டையோ உடைஞ்சுபோக? கச்சேரியிலை முடிவை எழுதித் தாறம், கையெழுத்து வை எண்டு நிக்கினம். இஞ்சை முடிவைக் காட்டமாட்டம் எண்டு நிக்கினம். ரெண்டும் என்ர நல்லதுக்குத்தானாம். என்ர நல்லது உங்கள் எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும் தெரியேல்லை, என்ன?”

“வாசிச்சுச் சொல்லட்டோ?” என்று பையைப் பார்த்தேன்.

“நீ ஒண்டும் சொல்ல வேண்டாம். நான் பாக்கவேணும்.”

மறுநாள் நான் பள்ளிக்கூடத்தால் நேரே தியேட்டருக்குப் போனேன். நாலாம் நாளுக்குச் சிரிப்புப் படம் வைத்திருந்தார்கள். அன்றைக்குச் சிறப்பு விருந்தினர்கள் வேறு. கச்சேரியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி, கொழும்பிலிருந்து இரண்டு வெள்ளைக்காரர்கள். முன் வரிசையில் ஆடாத கதிரைகளாகத் தெரிந்தெடுத்துத் துணி விரித்திருந்தார்கள். மிஸ் வாசலில் மாலையோடு நின்றார்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க, கீரிப் பக்கமிருந்து பெண்கள் வந்தார்கள். இருபத்தைந்து பேர் இருக்கும். கோயிலுக்கு உடுத்துகிற சேலை. முன்னால் அம்மா. கும்பலாக வந்து, சத்தம் போடாமல், நேற்று இருந்த இடங்களிலேயே இருந்தார்கள். மிஸ்ஸுக்குச் சந்தோசம். இவ்வளவு பேர் வருகிறார்களே என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். விருந்தினர்கள் வந்தார்கள். மாலை போட்டார்கள். லைட்டை அணைக்கப் போகையில் அம்மா எழும்பினார்.

“நேற்றையான் படத்தின்ர மிச்சத்தைப் போடுங்கோ. அதுக்குப் பிறகு மற்றப் படத்தைப் பாப்பம்.”

மிஸ் ஓடி வந்தார். தாழ்ந்த குரலில், அந்தப் படம் முடிந்துவிட்டது, இன்றைக்கு வேறு படம், மகிழ்ச்சியான படம் என்றார். அம்மா அவரோடு கதைக்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.

“பிள்ளை, இந்த மிஸ்ஸுக்கு வடிவா விளங்கப்படுத்து. நாங்கள் வேதக்காரர். பெரிய வெள்ளிக்குச் சிலுவையிலை இருந்து உடலை இறக்கி, ஆசந்தியிலை வளத்தி, அதை முத்தி செய்யாமல் எங்கட ஊரிலை ஒரு குஞ்சும் வீட்டை போகாது. மழை பெய்தாலும் போகாது. பாதியிலை நிப்பாட்டிப்போட்டுத் தேத்தண்ணி தந்தால் ஆரும் குடிப்பினமோ? நேற்றிலை இருந்து அந்த மனிசி கதவிலை கையை வைச்சபடி நிக்கிறாள்.”

நான் மொழிபெயர்த்தேன். ஆசந்தி என்பது இறந்த ஆண்டவரைக் கிடத்தும் பாடை, முத்தி செய்வது அதை முத்தமிடுவது என்று சேர்த்துச் சொன்னேன். முன் வரிசையில் வெள்ளைக்காரர்களில் வயதானவர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். கச்சேரி அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். மிஸ் என் கையைப் பிடித்து, “டீச்சர், அவங்களுக்கு என்ன வரப்போகுதுன்னு தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல? உங்க சொந்த அம்மா” என்றார்.

“ஓம். என்ர அம்மாதான். அதுதான் போடச் சொல்லுறன்.”

நாங்கள் இப்படி நின்றுகொண்டிருக்கையில் மேலேயிருந்து தியேட்டர்க்காரர் இறங்கி வந்தார். அதுவரை விழாக்காரருக்கு முன் கை கட்டி நின்ற மனிதர். “மிஸ், குறை நினைக்காதேங்கோ. இந்தத் தியேட்டரிலை செல் குண்டு விழுந்த அண்டைக்குக்கூட மிச்சத்தை மற்ற நாள் போட்டனான். கரைச்சனம் கேட்டு நான் போடாமல் விட்டால் நாளைக்கு இந்தத் தெருவிலை நடக்கேலாது” என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் படியேறிப் போனார். மேலே அவர் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. லைட் அணைந்தது.

கதவு. கொளுக்கியில் மாவு ஒட்டிய கை. அவள் திறந்தாள்.

இரண்டு மனிதர்கள் நின்றார்கள். “பக்கத்துத் தீவின் கரையில்” என்று ஒருவன் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். மற்றவன் தொப்பியைக் கழற்றினான். பின்னால் நான்கு பேர் ஒரு பலகையைத் தூக்கி வந்தார்கள். அதற்குப் பிறகு தாளில் வசனம் இல்லை. தாய் தண்ணீர் வார்த்தாள். மகனுடைய முகத்தைத் துடைத்தாள். புதுச் சட்டை போட்டு, கழுத்திலிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டினாள். சீப்பெடுத்து உச்சி பிரித்துத் தலை இழுத்தாள். ஊர்ப் பெண்கள் வந்து சுற்றி முழங்காலில் இருந்தார்கள். ஒருத்தி எதையோ தொடங்கினாள். மற்றவர்கள் சேர்ந்து முடித்தார்கள். திரும்ப ஒருத்தி தொடங்கினாள், திரும்ப எல்லாரும் முடித்தார்கள். என் தாளில் அந்த இடத்தில் செபம் என்று பொருள்படும் ஒரே ஒரு ஆங்கிலச் சொல் இருந்தது. நான் மைக்கோடு சும்மா நின்றேன்.

எங்கள் பெண்களுக்கு நான் தேவைப்படவில்லை. அந்த ஏற்றமும் இறக்கமும் அவர்களுக்குத் தெரியும். செபமாலை எந்த மொழியில் சொன்னாலும் செபமாலைதான். இரண்டாவது முறை திரையில் அந்தப் பெண் தொடங்கியபோது, தியேட்டரில் கதிரைகள் கிரீச்சிட்டன. கடலைக் கோதும் புறா எச்சமும் கிடந்த சீமெந்து நிலத்தில் ஒவ்வொருத்தியாக முழங்காலில் இருந்தாள். அவள் அங்கே முதற்பாதியைச் சொன்னாள். இவர்கள் இங்கே, “அர்ச்சிஷ்ட மரியாயே” என்று மறுபாதியை எடுத்தார்கள். தமிழில், உரத்து. முன்பின் தெரியாத ஒரு பிள்ளையின் செத்தவீட்டில் அவர்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மிஸ் குனிந்தபடி என்னிடம் வந்தார். முகமெல்லாம் கண்ணீர். அந்தக் கண்ணீரோடுதான் சொன்னார், “டீச்சர், அவங்களை அமைதியா இருக்கச் சொல்லுங்க, விருந்தினர்கள் இருக்காங்க.” நான் மைக்கைப் படியில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த ஐந்து நாளில் நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

அப்போதுதான் பார்த்தேன். எல்லாரும் முழங்காலில் இருக்க, மூன்றாவது வரிசையில் அம்மா மட்டும் கதிரையில் இருந்தார். வாய் அசையவில்லை. கை இரண்டும் மடியில். திரையில் பொத்தான் பூட்டுகிற அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில மாதம் கழித்து விழாவைப் பற்றிய அறிக்கை ஒன்று பள்ளிக்கூடத்துக்கு வந்தது. வழவழப்பான தாள். உள்ளே ஒரு பக்கம் முழுக்க எங்கள் பெண்கள் முழங்காலில் இருக்கிற படம். கீழே, மீள்குடியேறிய பெண்கள் படத்தைப் பார்த்து மனமுடைந்து போனார்கள், ஆகவே இப்படியான பிரதேசங்களுக்குப் படம் தெரிவுசெய்யும்போது கூடிய கவனம் தேவை என்று எழுதியிருந்தது. மனமுடைந்தார்களாம்! செத்தவீட்டுக்குப் போய்ச் செபம் சொன்ன மனிசரைப் பார்த்து எழுதுகிற எழுத்தா அது? முடிவைக் கேட்டு வாங்கிய பெண்களை முடிவு தாங்காதவர்கள் என்று எழுதிவைத்தார்கள். நான் அதை ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் முன்னால் கிழித்தேன். பள்ளிக்கூட அதிபர், அது கந்தோர்ச் சாமான், அலுவலகத்துக்கு உரியது என்று பேசினார். பேசட்டும்.

அந்த நாலாம் நாளுக்கு வருகிறேன். சிரிப்புப் படத்தை விருந்தினர்கள் மட்டும் பார்த்தார்கள். பெண்கள் எழும்பிச் சேலையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். நானும் தாள்களை மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டு அவர்களோடு வந்துவிட்டேன். பட்டினத்திலிருந்து கீரி பெரிய தூரமில்லை. பொழுது படவில்லை இன்னும். முன்னால் போனவர்கள் அந்தத் தீவைப் பற்றி, அந்த வள்ளங்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டு போனார்கள். அம்மா பின்தங்கி என்னோடு நடந்தார். எனக்குப் பயமாக இருந்தது. மிஸ் சொன்னது சரியாகிவிடுமோ என்று கூட ஒரு கணம் நினைத்தேன்.

“அம்மா, அழவேணுமெண்டால் அழுங்கோ” என்றேன்.

அம்மா நின்று என்னைப் பார்த்தார். கண் காய்ந்திருந்தது.

“என்னத்துக்கு அழ? அவளுக்குப் பிள்ளை கிடைச்சிட்டான். தன்ர கையாலை துடைச்சு, சட்டை போட்டு, தலை இழுத்து விட்டவள். ஊர் கூடிச் செபம் சொன்னது. எங்கை புதைச்சது எண்டு தெரியும். குடுத்து வைச்ச மனிசி.”

பிறகு நடக்கத் தொடங்கினார். முன்னால் போனவர்களைப் பிடிக்க எட்டி நடந்தார். அந்தக் கார்த்திகைக்குக் கோயிலில் உறை தந்தார்கள். அம்மா என் அப்பாவின் பெயரை எழுதினார், தாய் தகப்பன் பெயரை எழுதினார், உறையை ஒட்டினார்.